பத்து லட்சம் பேர் வந்தார்களாம்! கறுப்பின ஆண்களின் ‘குரல்’ பற்றி ஒரு பாட்காஸ்ட் உளறல்

கரிசல் குமரன்:
நேத்து ஒரு தமிழ் பாட்காஸ்ட் கேட்டு இன்னும் எரிச்சல் அடங்கலை. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்காக யார் பேசுறாங்கன்னு தலைப்பு. பேசின தம்பி அடிச்சு விட்டது இது: “1995-ல வாஷிங்டன்ல பத்து லட்சம் கறுப்பின ஆண்கள் கூடி, இனி பொறுப்பா இருப்போம்னு சத்தியம் பண்ணாங்க. அன்னைக்கு லூயிஸ் ஃபாராகான் செஞ்ச வேலையைத்தான் பின்னாடி கெவின் சாமுவேல்ஸ் யூடியூப்ல செஞ்சார்.”

ஃபாராகான், அந்தப் பேரணியைக் கூட்டின ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத் தலைவர். சாமுவேல்ஸைத் தெரியாதவங்களுக்கு: அட்லாண்டாக்காரர். ஆண்களுக்குக் கோட்டு சூட்டு, சென்ட்டுன்னு ஆலோசனை சொல்லிட்டிருந்தார். அப்புறம் நேரலையில் கூப்பிடுற கறுப்பினப் பெண்கள்கிட்ட வயசு என்ன, உயரம் என்ன, எடை என்ன, டிரெஸ் சைஸ் என்னன்னு வரிசையா கேட்டு, மார்க் போட்டுப் பிரபலமானார். 2022 மே மாசம் இறந்துட்டார். அவரையும் அந்தப் பேரணியையும் எப்படிய்யா ஒண்ணா வைக்கிறது? மைக்கும் சந்தாதாரரும் இருந்தா அந்த ஆள் ஒரு சமூகத்துக்கே குரல் ஆயிடுவாரா?

கணக்குப்பிள்ளை:
குரலை அப்புறம் பார்ப்போம். முதல்ல அந்தப் பத்து லட்சம். வரலை. பேரணி நடந்த புல்வெளியைப் பார்த்துக்கிற அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை சொன்னது நாலு லட்சம். மேலே இருந்து படம் எடுத்து, கட்டம் கட்டமா பிரிச்சுப் போட்ட கணக்கு. பேரணிக்கே ‘பத்து லட்சம் ஆண்கள் பேரணி’ன்னு பேர் வச்சுட்டாங்க. பேர் வச்சா ஆள் வந்துடுமா?

மேரிலாந்து சேகர்:
வந்துட்டாருய்யா அளவுகோலைத் தூக்கிக்கிட்டு. நான் அப்ப அந்த ஊர் பக்கத்துலதான் வேலையில இருந்தேன். அன்னைக்குத் திங்கட்கிழமை. மெட்ரோ ரயில்ல அப்பனும் மகனுமா ஏறினாங்க. ஒருத்தர் தன் பையனோட கழுத்துப் பட்டையை ரயில் ஆட ஆட கட்டி விட்டுட்டிருந்தார். தெரியாத ஆளுங்க ஒருத்தரையொருத்தர் ‘பிரதர்’னு கூப்பிட்டு இடம் விட்டாங்க. நாலு லட்சம்னு அறிவிச்சதும் ஃபாராகான் வழக்குப் போடுவேன்னார். பாஸ்டன் பல்கலைக்கழகத்துல ஃபாரூக் எல்-பாஸ் குழு திரும்ப எண்ணுச்சு. அப்பல்லோ நிலாவில் எங்கே இறங்கணும்னு இடம் பார்த்துக் கொடுத்தவர்ல ஒருத்தர் அவர். அவர் கணக்கு 8,37,000. நிலாவைப் பார்த்தவருக்கு ஒரு புல்வெளியைப் பார்க்கத் தெரியாதா?

கணக்குப்பிள்ளை:
முதல்ல 8,70,000 சொன்னார். அப்புறம்தான் 8,37,000-க்கு இறங்கினார். அதை ஏன் முழுங்கிட்டீங்க? போகட்டும். 8,37,000 பத்து லட்சமா? ஆமா, இல்லை. ஒரு வார்த்தை போதும்.

மேரிலாந்து சேகர்:
20 சதவீதம் கூடலாம் குறையலாம்னு அவரே சொல்லியிருக்கார். கூட்டிப் பாருங்க. 10,04,400. தாண்டியாச்சு.

கணக்குப்பிள்ளை:
கழிச்சா 6,69,600. உங்க கால்குலேட்டர்ல மைனஸ் பட்டன் தேஞ்சு போச்சா?

முத்துலட்சுமி ரா.:
ரெண்டு ஆண்கள் சேர்ந்து ஆண்களை எண்ணிட்டிருக்கீங்க. நல்லா இருக்கு. அன்னைக்குப் பெண்களை என்ன செய்யச் சொன்னாங்கன்னு தெரியுமா? வீட்டிலேயே இருங்க, வேலைக்குப் போகாதீங்க, கடைக்குப் போகாதீங்க, பிள்ளைகளோட இருந்து ஆதரவு கொடுங்கன்னாங்க. ஏஞ்சலா டேவிஸ், கிம்பர்லே கிரென்ஷா மாதிரி கறுப்பினப் பெண்ணியவாதிகள் எல்லாம் அப்பவே எதிர்த்தாங்க. இனவெறிக்கு மருந்து, வீட்டுக்கு ஒரு தலைவனைத் திரும்ப உட்கார வைக்கிறதான்னு அவங்க கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. குமரன், நீங்க சொல்ற பேரணிக்கும் சாமுவேல்ஸுக்கும் உறவே இல்லைன்னு அவ்வளவு சுலபமா தள்ளிட முடியாது. தலைவன் நாற்காலி அதேதான். 1995-ல அது மேடையில இருந்தது, 2020-ல கேமரா முன்னாடி வந்துடுச்சு.

மேரிலாந்து சேகர்:
அம்மா, பஸ்ல வெள்ளைக்காரருக்கு இடம் விட மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ் அந்த மேடையில பேசினாங்க. மாயா ஆஞ்சலோ கவிதை வாசிச்சாங்க. பெண்களை ஒதுக்கினாங்கன்னு பேசுறவங்க இதை மட்டும் மறந்துடுவாங்க.

முத்துலட்சுமி ரா.:
மேடையில நாலு பேரை ஏத்திட்டு, மீதிப் பேரை அடுப்படியில நிறுத்துறது எங்களுக்குப் புதுசா சார்?

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்றது சரி. அதுவும் என் கட்சிக்குத்தான் வலு. பெண்கள் வரலைன்னா கூட்டம் இன்னும் குறையும். 1963-ல மார்ட்டின் லூதர் கிங் பேசின பேரணிக்கு ஆணும் பெண்ணுமா வந்ததே ரெண்டரை லட்சம்தான். முப்பது வருஷத்துல ஆண்கள் மட்டும் அதைப் போல நாலு மடங்கா?

முத்துலட்சுமி ரா.:
உங்க கட்சியா? நான் எந்தக் கட்சியிலயும் சேரலை. என்னை உங்க கூட்டல் கணக்குல சேர்க்காதீங்க.

டீக்கடை தினேஷ்:
பேரணிக்கு வந்தவங்களைவிட இந்தத் திரியில எண்ணுறவங்க அதிகம் போல. அண்ணே, ஒரு சந்தேகம். ஒருத்தர் காலையில வந்து மத்தியானம் சாப்பிடப் போயிட்டார்னா அவர் அரை ஆளா, முழு ஆளா?

கணக்குப்பிள்ளை:
நக்கலடிச்சாலும் நல்ல கேள்வி. வான்படம் ஒரு நேரத்துல நிக்கிறவனை மட்டும்தான் பிடிக்கும். அதனாலதான் நெரிசல் உச்சத்துல இருக்கிற நேரத்துப் படத்தை எடுக்கிறாங்க. 60-கள்ல பெர்க்லியில ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ்னு ஒரு பேராசிரியர், மாணவர் போராட்டத்தை ஜன்னல் வழியா பார்த்தே இந்தக் கட்ட முறையைக் கண்டுபிடிச்சார். தளர்வா நின்னா ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருங்கி நின்னா நாலரை. இது விஞ்ஞானம். சேகர் சார் ரயில்ல பார்த்தது விஞ்ஞானம் இல்லை. சார், நீங்க ரயிலை விட்டு இறங்கி அந்தப் புல்வெளிக்குப் போனீங்களா, இல்லையா?

மேரிலாந்து சேகர்:
எனக்கு ஆபீஸ் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
ஆக, பார்க்கலை.

பழையபேட்டை பாலா:
நான் அந்த பாட்காஸ்ட் தம்பிக்கு ஆதரவா வரேன். சாமுவேல்ஸைத் திட்டுறவங்க அவர் நிகழ்ச்சி ஒண்ணையாவது முழுசா பார்த்தீங்களா? கூப்பிட்ட ஆண்களையும் அவர் விட்டு வைக்கலை. உன் சம்பளம் என்ன, உடம்பை ஏன் இப்படி வச்சிருக்கேன்னு வறுத்தெடுப்பார். 2008-ல பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஆரம்பிச்ச ‘தி ரூட்’ மாதிரி இணையதளங்கள்ல, படிச்ச கறுப்பினத்தவங்க அழகா எழுதினாங்க. முடிவெட்டுற கடையில உட்கார்ந்திருக்கிற சாதாரண ஆள் அதைப் படிச்சானா? அவன் போன்ல ஓடினது சாமுவேல்ஸ். பத்து லட்சத்துக்கு மேல சந்தாதாரர். குரல் வேற என்னங்க?

கரிசல் குமரன்:
பாலா, அன்னைக்குப் புல்வெளியில ஃபாராகான் சொல்லச் சொல்ல அந்த ஆண்கள் திருப்பிச் சொன்ன சத்தியத்தைப் படிச்சுப் பாருங்க. மனைவி மேல கை வைக்க மாட்டேன்னு இருக்கு. பெண்ணை அந்தக் கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட மாட்டேன்னும் இருக்கு. உங்க ஆள் ஒரு பெண்ணை நேரலையில வச்சு, நீ ரொம்பப் போனா சராசரின்னு சொல்லித்தான் வைரல் ஆனார். ரெண்டும் ஒண்ணா?

பழையபேட்டை பாலா:
சராசரியைச் சராசரின்னு சொன்னா கெட்ட வார்த்தையா? அந்தப் பெண்ணுக்கு ஆண் எப்படி வேணும்னு கேட்டப்ப சொன்ன சம்பளத்தையும் கொஞ்சம் கேளுங்க.

கணக்குப்பிள்ளை:
சந்தாதாரர் பத்து லட்சம், பேரணிக்குப் பத்து லட்சம். எல்லாருக்கும் இந்த நம்பர் மேல என்ன மோகமோ. சந்தாவையாவது யூடியூப் எண்ணுது. பேரணியை எண்ணினவங்க வாயை அடைச்சுட்டாங்க. 1996-ல அமெரிக்க நாடாளுமன்றம், இனி கூட்டத்தை எண்ணப் பணம் கிடையாதுன்னு பூங்காத் துறைக்குச் சொல்லிடுச்சு. நாலு லட்சம் தப்புன்னு நிரூபிச்சிருந்தா ஏன் வாயை அடைக்கணும்?

மேரிலாந்து சேகர்:
அடேங்கப்பா. கறுப்பின ஆண்கள் கூடின கூட்டத்தைப் பாதியா குறைச்சுச் சொல்லி மாட்டிக்கிட்டாங்க, அதனால எண்ணவே வேண்டாம்னு விட்டாங்க. இதுல குறைச்சவனுக்கு நீங்க வக்காலத்து. உங்களுக்கு அவங்க மேல என்ன கோபம்?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா, கணக்குல தோத்ததும் என்னை இனவெறியன் ஆக்கிட்டார். எனக்கு ஃபாராகானோட கணக்கு மேலதான் கோபம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல பேசினார். வாஷிங்டன் நினைவுத் தூண் 555 அடி, முன்னாடி ஒண்ணு போட்டா 1555, நம்ம முன்னோர் ஜேம்ஸ்டவுன்ல அடிமையா இறங்கின வருஷம்னார். ஜேம்ஸ்டவுன் உருவானதே 1607-ல. அவங்க வர்ஜீனியாவுக்கு வந்தது 1619. லிங்கன் 16-வது ஜனாதிபதி, ஜெஃபர்சன் 3-வது, கூட்டினா 19-ன்னார். அவர் மேடையில கூட்டின அழகு இது. தலையை மட்டும் சரியா கூட்டியிருப்பாரா?

டீக்கடை தினேஷ்:
555-க்கு முன்னாடி ஒண்ணு போட்ட மாதிரி, நாலு லட்சத்துக்கு முன்னாடி ஒண்ணு போட்டா பதினாலு லட்சம் சார். பிரச்சினை தீர்ந்தது.

முத்துலட்சுமி ரா.:
2014-க்கு வாங்களேன் கொஞ்சம். ஒபாமா கறுப்பின, லத்தீன் பையன்களுக்குன்னு ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ திட்டம் கொண்டு வந்தார். பெண் பிள்ளைகள் எங்கேன்னு கேட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்தது. அந்த வருஷக் கடைசியிலதான் ‘சே ஹெர் நேம்’ ஹேஷ்டேக். போலீஸ் கையால செத்த கறுப்பினப் பெண்கள் பேரையும் சொல்லுங்கன்னு. இதையெல்லாம் தள்ளிக்கிட்டு வந்தது எந்த மேடையும் இல்லை, ட்விட்டர்ல இருந்த பெண்கள். ‘சமூகத்தின் குரல்’னு பேச்சு வந்தாலே ஏன் எல்லாரும் ஒரு ஆம்பளையைத் தேடுறீங்கன்னுதான் கேட்கிறேன்.

மேரிலாந்து சேகர்:
1995 பேரணிக்கு ஒபாமாவும் போனார், தெரியுமா? அப்ப சிகாகோவுல மாநில செனட்டுக்கு நிக்க இறங்கியிருந்தார்.

கணக்குப்பிள்ளை:
சரி, அவரையும் சேர்த்து நாலு லட்சத்து ஒண்ணு.

பழையபேட்டை பாலா:
அதே ஒபாமாதான் 2024 அக்டோபர்ல பிட்ஸ்பர்க்ல போய், கமலா ஹாரிஸுக்கு ஓட்டுப் போடாம இருக்கக் கறுப்பின ஆண்கள் சாக்குச் சொல்றீங்கன்னு திட்டினார். கடைசியில பார்த்தா எக்ஸிட் போல்ல நாலுல மூணு பேருக்கு மேல ஹாரிஸுக்குத்தான் போட்டிருக்காங்க. வெள்ளைக்கார ஆண்களை யாரும் இப்படிக் கூப்பிட்டு வச்சுத் திட்டலை. அதனாலதான் ஜனங்க படிச்சவங்க பேச்சை விட்டுட்டு யூடியூப் பக்கம் போறாங்க.

கரிசல் குமரன்:
யூடியூப்னா சாமுவேல்ஸ் மட்டுமா? பத்திரிகையாளர் ரோலண்ட் மார்ட்டினும் 2018-லருந்து சொந்தமா டிஜிட்டல்ல நிகழ்ச்சி நடத்துறார். 2024 ஜூலையில கறுப்பின ஆண்களை ஜூம்ல கூட்டி, ஹாரிஸுக்காக ஒரே ராத்திரியில பத்து லட்சம் டாலருக்கு மேல திரட்டினாங்களே, அதுல அவர்தான் முன்னாடி நின்னார்.

முத்துலட்சுமி ரா.:
அதுக்கு முந்தின ராத்திரியே பெண்கள் கூட்டிட்டாங்க. ஆண்கள் கூட்டம் அதைப் பார்த்துதான் நடந்தது. சொல்லாம விட்டுட்டீங்க குமரன். விடத்தான் செய்வீங்க.

கணக்குப்பிள்ளை:
பத்து லட்சம் டாலர்! திரும்பவும் பத்து லட்சம்! சேகர் சார், கேள்வி அப்படியே நிக்குது. 8,37,000 பத்து லட்சமா? ஆமா, இல்லை.

மேரிலாந்து சேகர்:
நான் பேச வேண்டாம்னுதான் இருந்தேன். போன பிப்ரவரியில அண்ணா நினைவு நாள் திரியில, இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர், கின்னஸே சொல்லிடுச்சுன்னு மார்தட்டினது யாரு? இதே கணக்குப்பிள்ளை. 1971 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு ஜனத்தொகையே நாலு கோடிச் சொச்சம். மூணு பேருக்கு ஒருத்தர் மெரினாவுல நின்னாங்களா? அங்கே எங்கே போச்சு உங்க நாலரைச் சதுர அடி?

கணக்குப்பிள்ளை:
அது அந்தத் திரி. இது இந்தத் திரி. அதுவும் ஊர்வலம் நகர்ந்துட்டே இருந்தது, புல்வெளியில நிக்கலை. நகர்ற கூட்டத்துக்கு முறையே வேற.

டீக்கடை தினேஷ்:
ஆஹா. இப்ப மைனஸ் பட்டன் யாருக்குத் தேஞ்சிருக்கு?

நெறியாளர்:
அண்ணாவை இங்கே இழுக்க வேண்டாம். சேகர், பழைய திரிகளோட ஸ்கிரீன்ஷாட்களை நீக்கியிருக்கேன். தலைப்புக்குள்ள பேசுங்க.

மேரிலாந்து சேகர்:
என் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போகும், அவர் என்னைப் பொய்யன்னு மறைமுகமா சொன்னது நிக்கும். நெறியாளருக்கும் அவருக்கும் என்ன தோஸ்துன்னு ஊருக்கே தெரியும்.

கரிசல் குமரன்:
ஐயா, நான் ஆரம்பிச்ச திரி இது. சாமுவேல்ஸ் பத்தி யாராவது...

கணக்குப்பிள்ளை:
குமரன், அவசரப்படாதீங்க. 1997 அக்டோபர்ல ஃபிலடெல்ஃபியாவுல பெண்கள் நடத்தின பேரணி இருக்கு. அதுக்கும் பேர் பத்து லட்சம்தான். அங்கே மூணு லட்சத்துல ஆரம்பிச்சு இருபது லட்சம் வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. முத்துலட்சுமி அக்கா அதுக்கு என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம். அக்கா, எத்தனை பேர்?

முத்துலட்சுமி ரா.:
நீங்க ஒருத்தர் குறைச்சல். அது மட்டும் நிச்சயம்.

கணக்குப்பிள்ளை:
நம்பர் கேட்டேன், நக்கல் கேட்கலை. நாளைக்குக் காலையில கட்டம் போட்ட படத்தோட வரேன். சேகர் சாரும் ஆமா, இல்லையைத் தயார் பண்ணி வைக்கட்டும்.