புதுப்பிப்பு: பொருளடக்கத்தில் எண்ணும் தலைப்பும் ஒட்டிய சிக்கல் தீர்ந்தது

லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் அமைக்கும் என் நூலின் பொருளடக்கத்தில் 10.12 போன்ற பிரிவு எண்கள் தலைப்போடு ஒட்டிக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. லேடெக்கில் நூல்களுக்கென உள்ள ஆயத்த வடிவமைப்பான புக் வகுப்பு, பிரிவு எண்ணுக்கு 2.3 எம் (எழுத்தின் அளவைச் சார்ந்த நீள அலகு) அகலமே ஒதுக்குகிறது. நான்கு இலக்கமும் ஒரு புள்ளியும் அதை ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடுகின்றன. இடைவெளிக்கு இடம் ஏது?

பொருளடக்கத்தின் அமைப்பை மாற்ற உதவும் டாக்லாஃப்ட் (tocloft) என்ற துணைத் தொகுப்பைச் சேர்த்து அந்த அகலத்தை 3.2 எம் ஆக்கினேன். எண் விலகி நின்றது. நீளமான தலைப்பின் இரண்டாம் வரியும் முதல் வரித் தலைப்புக்கு நேர்கீழே தொடங்குகிறது. எவ்வளவு நிம்மதி! தலைப்புக்குள் கையால் இடைவெளி திணித்திருந்தால் இது கிடைத்திருக்காது. நூலின் உள்ளே வரும் தலைப்புகளும் கெட்டிருக்கும்.

பொருளடக்கத்தின் அத்தியாய வரிகளுக்குப் பக்க எண் வரை புள்ளிக்கோடு போட்டுப் பார்த்தேன். தடித்த எழுத்துக்கு அது பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.