அகராதி வாங்கணும், இருமொழிப் புத்தகமும் வாங்கணும், எதப் பாத்து வாங்கறது?

ஒற்றுமிகுமா
வணக்கம் மக்களே. இவ்ளோ நாள் போன்லயே அர்த்தம் தேடி ஓட்டிட்டிருந்தேன், இப்ப இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்குச் சின்னச் சின்னக் கட்டுரையா மொழிபெயர்க்கிறேன், காசுக்கு இல்ல, புடிச்சிருக்கு அவ்ளோதான். கூடவே சங்கப் பாட்டும் கொஞ்சம் தொட்டிருக்கேன், உரை இல்லாம ஒரு வரி நகர மாட்டேங்குது. சரி ஒழுங்கா ஒரு அகராதி வாங்கலாம்னு விசாரிச்சா ஒருத்தர் க்ரியாங்கறார், இன்னொருத்தர் லெக்சிகன்தான் அகராதி மத்ததெல்லாம் சும்மாங்கறார், மூணாமத்தவர் பாவாணரோட சொற்பிறப்பு அகராதி இல்லாம பேசாதீங்கன்னு சண்டைக்கு வர்றார். எல்லாத்தையும் வாங்க என்கிட்ட இடமும் இல்ல பணமும் இல்ல. அதே மாதிரி ஒரு பக்கம் மூலம் எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்புன்னு வருமே, அந்த மாதிரி புத்தகம் வாங்கறப்ப எதக் கவனிக்கணும்? பேரை மட்டும் சொல்லிட்டுப் போகாம ஏன்னும் ரெண்டு வரி சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

அடிக்குறிப்பு
க்ரியாவும் லெக்சிகனும் ஒண்ணுக்கொண்ணு போட்டியே இல்லங்க, ரெண்டும் வேற வேலைக்குப் பண்ணது. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, அப்புறம் பிற்சேர்க்கை ஒண்ணு, பதிப்பாசிரியரா பெரும்பகுதி இருந்தவர் வையாபுரிப் பிள்ளை. லட்சத்துக்கு மேல சொல். பொருளை இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் குடுத்து, இந்த நூல்ல இந்தப் பாட்டுல இப்படி வந்திருக்குன்னு மேற்கோளும் குடுப்பாங்க. பழைய பாட்டு படிக்கிறவங்களுக்கு அந்த மேற்கோள்தான் உயிர். ஆனா அதுல இன்னைக்கு நாம எழுதற உரைநடையத் தேடினா ஏமாந்துதான் போவீங்க, அது முடிஞ்சே எத்தன வருஷம் ஆச்சு.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அப்படியே நேர் எதிர்ப்பக்கம். இன்னைக்கு எழுதப்படற தமிழ்ல என்ன சொல் இருக்கு, எப்படிப் புழங்குதுன்னு பத்திரிகை, கதை, கட்டுரையெல்லாம் திரட்டி வெச்சுப் பாத்துச் செஞ்சது. தமிழ்ல பொருள், இங்கிலீஷ்ல பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம். 1992ல முதல் பதிப்பு, 2008ல திருத்தி விரிச்சது, 2020ல மூணாவது. வாங்கினா மூணாவது வாங்குங்க, பழைய பதிப்பு மலிவாக் கெடச்சாலும் யோசிங்க, நடுவுல சேந்த சொல் நெறைய.

வித்தியாசம் புரியணும்னா ரெண்டுலயும் 'படு' எடுத்துப் பாருங்க. லெக்சிகன்ல படுதல் தனி, படுத்தல் தனி. தானா நடக்கறது ஒண்ணு, நடக்க வைக்கிறது இன்னொண்ணு. சூரியன் மறையறதுக்கும் அதே படுதல்தான், பழைய பாட்டுல 'படுஞாயிறு' வர்ற எடத்துல முழிக்காம இருக்க அது வேணும். க்ரியாவுக்கு வந்தீங்கன்னா கை படறது, வெக்கப்படறது, செய்யப்பட்டதுன்னு அந்தச் சொல் இன்னைக்குத் தனியாவும் துணை வினையாவும் செய்யற வேலையெல்லாம் பிரிச்சு வெச்சிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் வாக்கியத்தோட. எழுதறவனுக்கு இது, படிக்கிறவனுக்கு அது.

பொதுவா எந்த மொழி அகராதியா இருந்தாலும் நான் பெரிய சொல்லெல்லாம் தேடிப் பாக்கறதில்ல. யானைக்கு எல்லா அகராதியும் யானைன்னு சொல்லிடும். விடு, போடு, ஆவது, தான், போல, இந்த மாதிரி பொடிச் சொல்லத் தேடுங்க. ஒரே ஒரு வரில முடிச்சிருந்தா கீழ வெச்சிருங்க. பத்துப் பொருளா பிரிச்சு, அந்தப் பத்தையும் நீங்க வாக்கியத்தப் பாத்தே வித்தியாசம் கண்டுபுடிக்க முடிஞ்சா எடுத்துக்கங்க.

வரிவரி
அடிக்குறிப்பு சார் அகராதிய முடிச்சிட்டார், நான் இருமொழிக்கு வர்றேன்.

எதிரெதிர்ப் பக்க அச்சுன்னாலே உலகத்துல எல்லாரும் மொதல்ல சொல்றது லோப் வரிசை, 1912லேர்ந்து வந்துட்டிருக்கு, கிரேக்கம்னா பச்சை அட்டை, லத்தீன்னா சிவப்பு. நம்ம பக்கத்து மொழிகளுக்கு மூர்த்தி செவ்வியல் நூல் வரிசை 2015லேர்ந்து வருது, மூலம் அந்தந்த மொழியோட லிபியிலயே இடப்பக்கம், இங்கிலீஷ் வலப்பக்கம். அச்சும் கட்டமைப்பும் அருமையா இருக்கும், எழுத்து கண்ணுக்கு இதமா. ஆனா இந்த மாதிரி பதிப்புல சொல்லுக்குச் சொல் அர்த்தம் இருக்காது, மொழிபெயர்ப்பு தனியா நின்னு படிக்கற மாதிரி இருக்கும், மூலம் ஓரளவு படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் எதிர்ப்பக்கம் கை குடுக்கும். ஆரம்பத்துல இருக்கறவனுக்கு அது ரெண்டு தனிப் புத்தகத்த ஒரே அட்டைல ஒட்டி வெச்ச மாதிரிதான்.

தமிழ்ல இன்னொரு தொல்லை இருக்கு, வரிசை. குறுந்தொகை மூணாவது பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது, 'நிலத்தினும் பெரிதே'ன்னு ஆரம்பிக்கும், வானம், கடல்னு போயி எது பெருசுங்கற விஷயமே கடைசிச் சொல்லாதான் வரும், 'நட்பே'. மொழிபெயர்த்தவர் இங்கிலீஷ் இலக்கணத்துக்குப் பயந்து நட்ப மொத வரில போட்டுட்டார்னா பாட்டு போச்சு, ஆனா அர்த்தம் சீக்கிரம் புரியும். கடைசி வரைக்கும் இழுத்துப் புடிச்சிருந்தார்னா பாட்டு நிக்கும், நீங்க கொஞ்சம் தடுமாறுவீங்க. வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு பாட்ட மட்டும் தொறந்து பாத்தாலே அந்த ஆள் எந்தக் கட்சின்னு தெரிஞ்சிரும். ரெண்டுமே தப்பில்ல, உங்களுக்கு எது வேணும்ங்கறதுதான்.

குறளுக்கு வந்தா போப்பையர் 1886ல எதுகை மோனை மாதிரி ஓசையெல்லாம் வெச்சு செய்யுளாவே பண்ணிட்டார், அதுக்காக வார்த்தைய வளைச்சிருப்பார், மொழிய ஒப்பிட்டுப் படிக்க அது கொஞ்சம் கஷ்டம். ட்ரூவும் லாசரஸும் பண்ணது உரைநடை. ட்ரூ மொத 63 அதிகாரத்தோட நிறுத்திட்டார், மிச்சத்த லாசரஸ் முடிச்சார். நடை சப்புன்னுதான் இருக்கும், ஆனா குறள்ல இருக்கற எந்தச் சொல் இங்கிலீஷ்ல எங்க போச்சுன்னு விரல் வெச்சுக் காட்டிரலாம். படிக்கறதுக்கு போப், கத்துக்கறதுக்கு ட்ரூ, என் கட்சி அதான்.

சங்கப் பாட்டுல ஆழமா எறங்கணும்னா ஏவா வில்டனோட நற்றிணை, குறுந்தொகை செம்பதிப்பு இருக்கு. பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி மாறற சொல் மொதக்கொண்டு அடில குடுத்து, மொழிபெயர்ப்பு கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். அழகு எதிர்பாக்காதீங்க, அது ஒரு பட்டறை. எளிமையா வேணும்னா வைதேகி ஹெர்பர்ட் பண்ணது, மூலம், இங்கிலீஷ், கீழ சொல் சொல்லா பிரிச்ச அர்த்தம், இணையத்துலயும் கெடைக்குது.

ஒண்ணு சொல்லணும், நம்ம பதவுரை இருக்கே, அதுவே ஒரு இருமொழிப் புத்தகம்தான். பழைய தமிழ் மேல, இன்னைக்குத் தமிழ் கீழ. உ.வே.சா. 1937ல போட்ட குறுந்தொகை உரைய ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு இங்கிலீஷ் மொழிபெயர்ப்ப இன்னொரு பக்கம் வெச்சுப் பாருங்க, ரெண்டு பேரும் எங்கெங்க பிரியறாங்கன்னு பாக்கறதுலயே ஒரு சாயங்காலம் போயிரும்.

வேர்ச்சொல்
பாவாணர சண்டைக்காரர் லிஸ்ட்ல போட்டுட்டீங்க, பரவால்ல. லெக்சிகன்ல பல தமிழ்ச் சொல்லுக்கு வடமொழி மூலம் காட்டிட்டாங்கங்கறதுதான் அவர் கோபமே, அதுக்காகத்தான் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி. 1974ல அரசு திட்டமா ஆரம்பிச்சது, மொதல் மடலம் 1985ல வந்தப்ப அவர் இல்ல, 1981லயே போயிட்டார். முழுசா முடிய 2011 ஆச்சு. சொல்லோட வேர் எங்க ஓடுதுன்னு கிறுக்குப் புடிச்சவங்களுக்கு அதுல கெடைக்கற தீனி வேற எதுலயும் கெடைக்காது.

அடிக்குறிப்பு
@வேர்ச்சொல் தீனி நெறையதான், ஒத்துக்கறேன், ஆனா அத மட்டும் படிச்சிட்டு வேர் சொல்லக் கிளம்பிடாதீங்க. பர்ரோ, எமனோ ரெண்டு பேரும் பண்ண திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் பக்கத்துல வெச்சுக்கங்க, 1961ல மொதப் பதிப்பு, 1984ல ரெண்டாவது. அதுல கதையே கெடையாது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு, கோண்டின்னு போயி பிராகூயி வரைக்கும் இனச் சொல்ல வரிசையா அடுக்கிட்டு சும்மா இருந்துருவாங்க. முடிவ நீங்க எடுத்துக்கங்கன்னு விட்டுடற அந்த அடக்கம் எனக்குப் புடிக்கும். ரெண்டும் ஒத்துப்போற எடத்துல தைரியமா இருங்க, ஒத்துப்போகாத எடத்துல வாயத் தொறக்காதீங்க.

வேர்ச்சொல்
அவங்களும் மனுசங்கதான சார். சரி, ரெண்டையும் வெச்சுப் பாக்கச் சொல்றதுல எனக்கும் ஆட்சேபணை இல்ல.

கடலோரம்
க்ரியாவில இலங்கை வழக்கு எண்டு குறிச்சு எங்கட சொல்லுகளும் கிடக்கு, அதை ஒருத்தரும் சொல்லேல்ல எண்டுதான் எழுதுறன். எங்கட ஆக்கள் எழுதின கதையளை வாசிக்கிறவைக்கு அது பெரிய உதவி. பழசில விருப்பம் எண்டால் வின்சுலோவின்ர தமிழ்-இங்கிலீஷ் அகராதியையும் பாருங்கோ, 1862, அறுபத்தேழாயிரத்துக்கு மேல சொல், யாழ்ப்பாணத்தில மிஷனரிமாரும் பண்டிதர்மாரும் கனகாலம் சேர்த்து வைச்ச வேலையின்ர மேலதான் அது எழும்பினது. அதுக்கு முதலே 1842இல மானிப்பாய் அகராதி வந்திட்டுது, அது தமிழுக்குத் தமிழ். வின்சுலோவில சோதிடம், வைத்தியம், சைவ சித்தாந்தச் சொல்லுகள் நல்லாய் இருக்கும், நேரம் போறதே தெரியாது.

மறுமுனை
ஒற்றுமிகுமா நீங்க இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்குன்னு சொன்னீங்க, யாருமே அதத் தொடல. என் அனுபவத்துல அதுக்கு மொதல்ல வாங்க வேண்டியது இங்கிலீஷ்-தமிழ் அகராதியே இல்ல, நல்ல இங்கிலீஷ்-இங்கிலீஷ், அதுவும் இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்குன்னு பண்ணது. லாங்மன் அகராதில கிட்டத்தட்ட 2000 சொல்லுக்குள்ளயே எல்லாத்துக்கும் விளக்கம் எழுதணும்னு வெச்சுக்கிட்டாங்க. கோபில்டு அகராதி 1987ல வந்தப்ப விளக்கத்தையே முழு வாக்கியமா எழுதினாங்க, ஒருத்தர் இப்படிச் செஞ்சா இப்படிச் சொல்வோம்ங்கற மாதிரி. அந்த வாக்கியத்தப் படிச்சா யார் யாருக்கு எதச் செய்யறாங்க, அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரிஞ்சிரும், தமிழ்ச் சொல் தானா வந்து நிக்கும்.

இங்கிலீஷ்-தமிழ்ல அறுபதுகள்ல சென்னைப் பல்கலைக்கழகம் போட்டது இருக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைல. பெருசு, உழைப்பு, மறுக்கல. ஆனா ஒரு சொல்லுக்கு ஏழெட்டுத் தமிழ்ச் சொல்ல கமா போட்டு அடுக்கிட்டா எத எடுக்கறதுன்னு சொல்ல மாட்டாங்க, இந்த வகை அகராதி எல்லாத்துக்குமே உள்ள நோய் அது. அதனால நான் அங்க கெடச்ச சொல்ல அப்படியே போட மாட்டேன், க்ரியாவுல திருப்பித் தேடி அந்த எடுத்துக்காட்டு வாக்கியத்துல என் வாக்கியத்தோட வாசனை வருதான்னு பாப்பேன். வரலன்னா அடுத்த கமா. மெதுவாத்தான் போகும், பழகிரும். மொழி அறக்கட்டளை போட்ட மரபுத்தொடர் அகராதியும் கெடச்சா விடாதீங்க, மொழிபெயர்ப்பு தமிழா ஒலிக்கறது பாதி அதுலதான் இருக்கு.

சும்மாபுரட்டு
எல்லாரும் வேலைக்கு வாங்கறதப் பத்தியே பேசறீங்க ஐயா. சும்மா புரட்டறதுக்குன்னு ஒண்ணு வேணாமா? கி.ரா. தொகுத்த கரிசல் வழக்கு அகராதி, பெருமாள்முருகனோட கொங்கு வட்டாரச் சொல்லகராதி, கண்மணி குணசேகரனோட நடுநாட்டுச் சொல்லகராதி, மூணுமே எழுத்தாளர்கள் பண்ணது, அதனால விளக்கத்துலயே ஆள் நடமாட்டம் இருக்கும். அர்த்தம் தேட எடுத்துட்டு எதத் தேட வந்தோம்னே மறந்துரும். அதே மாதிரி வீரமாமுனிவரோட சதுரகராதி, 1732. பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பாகம். இதுல தொகை பாகம் எனக்கு உயிர், எண்ணிக்கையா சொல்றதெல்லாம் அங்க இருக்கும். தொடைல எதுகைப்படி சொல் அடுக்கியிருக்கும், பாட்டு எழுதறவங்க யாராச்சும் இருந்தா கவனிங்க.

ஒற்றுமிகுமா
அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு க்ரியா மூணாம் பதிப்பும், ஒரு இங்கிலீஷ்-இங்கிலீஷும், உ.வே.சா. குறுந்தொகையும்னு முடிவு பண்ணியிருக்கேன், வட்டார அகராதி ஒண்ணு யாராச்சும் பரிசா குடுத்தா மறுக்க மாட்டேன் :) லெக்சிகன் மட்டும் இப்ப முடியாது. நெட்ல இருக்கறது போதுமா? ஒருதடவ தேடினேன், பாட்டுல இருக்கற சொல்ல அப்படியே காப்பி பண்ணிப் போட்டா பாதிக்கு மேல ஒண்ணுமே வரல.

அடிக்குறிப்பு
தாராளமாப் போதும். சிக்காகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதித் தளத்துல லெக்சிகன், வின்சுலோ, பாப்ரிசியஸ், பர்ரோ-எமனோ எல்லாம் இலவசமா இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்துலயும் அகராதிகள் இருக்கு. உங்களுக்கு வராததுக்குக் காரணம், பாட்டுல இருக்கற வடிவத்தயே போடறீங்க, அகராதில தலைச்சொல்தான் இருக்கும். மொதல்ல சந்தியப் பிரிங்க, அப்புறம் கால விகுதி, வேற்றுமை உருபெல்லாம் உருவிட்டு அடிச் சொல்ல மட்டும் போடுங்க. 'சென்றனன்' போட்டா வராது, 'செல்' போட்டா வரும், அதுலயும் செல்லுதல்ங்கற வினையும் 'செல்'னு பேர்ச்சொல்லா வர்றதும் நம்பர் போட்டுத் தனித்தனியா வரும், மேற்கோளப் பாத்துத்தான் உங்களோடது எதுன்னு புடிக்கணும். சந்தி பிரிச்ச பதிப்பா பாத்து வெச்சுக்கிட்டா இந்த வேலைல பாதி மிச்சம். மூலம் சந்தி பிரிக்காம இருக்கற பதிப்ப ஆரம்பத்துலயே வாங்கிடாதீங்க, அவ்ளோதான்.

ஒற்றுமிகுமா
ஓ, அதான் விஷயமா. இன்னிக்கே உக்காந்து பாக்கறேன் சார்.