போலோ ஜிடி, காயில்ஓவர்: வலது வளைவில் மட்டும் முன்பக்கம் வெளியே தள்ளுது, உதவி தேவை

குடந்தை_ஜிடி
வணக்கம். செகண்ட்ஹேண்ட்ல எடுத்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. பழைய ஓனர் நாலு பக்கமும் காயில்ஓவர் (உயரத்தை ஏத்தி இறக்கிக்கற ஸ்பிரிங், ஷாக் செட்) போட்டு இறக்கியிருக்கார். இடது வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்குது. வலது வளைவுல அதே வேகத்துக்கு முன்பக்கம் வெளியே தள்ளுது, ஸ்டீரிங்கை இன்னும் ஒடிச்சாதான் வழிக்கு வருது. வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் வாய்க்கால் கரையை ஒட்டிப் போற ரோடுகள்ல இது நல்லாவே தெரியுது. நேர் ரோட்டுல லேசா இடது பக்கம் இழுக்கவும் செய்யுது.

அலைன்மெண்ட் ரிப்போர்ட்: முன் கேம்பர் (சக்கரம் சாஞ்சு நிக்கற கோணம், மைனஸ்னா மேல்பக்கம் உள்ளே சாய்வு) இடது -1°05', வலது -1°20'. டோ (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பாக்கற கோணம்) மொத்தம் 0°10' உள்பக்கம். எல்லாமே பச்சை, அளவுக்குள்ளதான். பின்னாடி தடிமனா ஒரு ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கற கம்பி) போட்டா சரியாகுமா?

திருவாரூர்_டர்போ
போடுங்க ஜி. நான் போட்டேன், அண்டர்ஸ்டியர் (இந்த முன்பக்கம் தள்ளறது) பாதியா குறைஞ்சது.

மன்னை_பட்டறை
தம்பி, காசை எடுத்து உள்ளே வைங்க. ரியர் பார் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். உங்களுக்கு இருக்கறது ஒருபக்க நோய். அதுக்குக் காரணமும் ஒருபக்கம்தான் இருக்கும்.

இழுக்கறதை இப்போதைக்கு விட்டுடுங்க. மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டை 2 - 2.5 சதவீதம் ஓரத்துக்குச் சரிச்சுத்தான் போடறாங்க. நாம இடது ஓரமா போறவங்க, வண்டி இடது பக்கம் சாயத்தான் செய்யும். நம்ம களிமண்ணுல ஓரம் இறங்கின ரோடுன்னா கேக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்க:

டயர் நாலும் ஒரே மாடலா? சூடாகறதுக்கு முன்னாடி காத்து எவ்வளவு?

முன் ஷாக் ராடுல ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி, பாடியோட ஒட்டிக் கீழே தள்ளி விடுங்க. வழக்கமா போற ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்தா, ஷாக் எவ்வளவு அமுங்குச்சோ அந்த இடத்துல டை நிக்கும். பம்ப் ஸ்டாப் (ஷாக் அடியோட அமுங்காம தடுக்கற ரப்பர்) வரைக்கும் போயிருந்தா வளைவு நடுவுல திடீர்னு தள்ளும். அது வேற கதை.

கடைசியா, காயில்ஓவர்ல ஸ்பிரிங்கைத் தாங்கற மோதிரத்துக்குக் கீழே எத்தனை மி.மீ. மரை தெரியுதுன்னு இடது, வலது ரெண்டையும் அளந்து போடுங்க. எனக்கு இதுமேலதான் கண்ணு. இடது கேம்பர் கம்மியா இருக்கு பாருங்க, 15 மினிட்தான், மெஷினுக்கு அது பச்சை. ஆனா ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலே பிடிச்சு நிக்கற அமைப்பு) வண்டியை இறக்கினா நெகட்டிவ் கேம்பர் ஏறும், தூக்கினா குறையும். இடது முன்பக்கம் தூக்கி நிக்குதுன்னு தோணுது.

குடந்தை_ஜிடி
டயர் நாலும் ஒண்ணுதான், காத்து 33. கேபிள் டை பம்ப் ஸ்டாப்பைத் தொடவே இல்லை. மரை இடது 62, வலது 50! ஆனா ஃபெண்டர் வளைவுல அளந்தா இடது பக்கம் 5 மி.மீ.தானே அதிகம் காட்டுது?

மன்னை_பட்டறை
அதுலதான் ஏமாந்து போறாங்க. கட்டிலோட ஒரு காலுக்கு மட்டும் செங்கல் வெச்சா அந்த மூலை மட்டும் உயராது. கட்டிலே கொஞ்சம் சாயும், பாரம் குறுக்கா போய் உக்காரும். உங்க வண்டியில இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் சேர்ந்து கூடுதல் பாரம் தாங்குது.

டயர் மேல பாரம் ரெட்டிப்பானா பிடிப்பு ரெட்டிப்பாகாது. வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது முன் சக்கரத்துக்கு வரும். அது ஏற்கனவே பாரமா இருக்கறதால முன் அச்சுல பிடிப்பு குறையுது, தள்ளுது. இடது பக்கம் திரும்பும்போது அப்படியே உல்டா, பின் அச்சுல பிடிப்பு குறையுது. அதனால அந்தப் பக்கம் நல்லா திரும்புதேன்னு சந்தோஷப்படாதீங்க. ஐப்பசி மழையில, வளைவுல ஆக்ஸிலரேட்டரை விட்டா பின்பக்கம் உதறப் போறது அந்தப் பக்கம்தான். உங்க வண்டியில ஆபத்து இருக்கறது இடது வளைவுல.

இந்த லட்சணத்துல ரியர் பாரையும் போட்டிருந்தீங்கன்னா...

பாபநாசம்_ரைஸ்மில்
நம்ம மில்லுல எடை மேடை இருக்கு, தரைமட்டத்துல. முன்பக்கம், பின்பக்கம், இடது, வலதுன்னு எடை போட்டுப் பாத்துடலாமே?

மன்னை_பட்டறை
மேடை நல்ல யோசனை, ஆனா அந்த முறையில ஒண்ணும் தெரியாது அண்ணே. மோதிரத்தை எவ்வளவு திருப்பினாலும் முன் அச்சு எடையும், இடது பக்க எடையும் மாறாது. குறுக்கு (எதிர் எதிர் மூலை ரெண்டையும் கூட்டின எடை) மட்டும்தான் மாறும். ஒரு சக்கரம் மட்டும் மேடை மேல, மத்த மூணும் தரையில நிக்கணும். மேடையைச் சுத்தி தரை மட்டமான்னு கொத்தனார் டியூப்ல தண்ணி விட்டுப் பாத்துக்குங்க. வண்டி ஓட்டறவர் சீட்டுல உக்காந்திருக்கணும்.

குடந்தை_ஜிடி
மேடை 5 கிலோ கணக்குலதான் காட்டுது. என்னோட சேர்த்து:
முன் இடது 390, முன் வலது 360
பின் இடது 200, பின் வலது 235

மன்னை_பட்டறை
390 + 235 = 625. 360 + 200 = 560. மொத்தம் 1185-ல ஒரு குறுக்கு 52.7 சதவீதம். 50-ல நிக்கணும். 5 கிலோ முன்னே பின்னே இருந்தாலும் கதை மாறாது.

முதல்ல முன்னாடி இருக்கற ஆன்டி ரோல் பாரோட லிங்க் ராடை (பாரைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கற ராடு) ஒரு பக்கம் கழட்டிடுங்க, இல்லேன்னா அது முறுக்கிக்கிட்டு பொய்க் கணக்கு காட்டும். சி ஸ்பேனரால இடது முன் மோதிரத்தை 6 மி.மீ. இறக்குங்க, வலதை 6 மி.மீ. ஏத்துங்க. முன் உயரம் அப்படியே இருக்கும். வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஷாக் உக்காந்ததும் திரும்ப எடை போடுங்க. அப்புறம் லிங்க் ராடை மாட்டுங்க. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கற கை) ரப்பர் புஷ் போல்ட்டை லிஃப்ட்ல தொங்கவிட்டு டைட் பண்ணியிருந்தாங்கன்னா அதையும் லூஸ் பண்ணி, சக்கரம் தரையில நிக்கும்போது டைட் பண்ணச் சொல்லுங்க. நம்ம பக்கம் பாதிப் பேர் இதைச் செய்யறதில்லை.

குடந்தை_ஜிடி
செஞ்சாச்சு அண்ணே. இப்ப ரெண்டு குறுக்கும் 595, 590. மில் களத்துல மெதுவா வட்டம் போட்டுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் ஸ்டீரிங் ஒரே மாதிரி கேக்குது. இடது வளைவுல முன்ன இருந்த சுறுசுறுப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு.

மன்னை_பட்டறை
குறையத்தான் செய்யும், அது கடன் வாங்கின சுறுசுறுப்பு. உயரம் மாறினா டோ மாறும், மறுபடி அலைன்மெண்ட் போட்டுடுங்க. வேகமா ஓட்டிப் பாக்கணும்னா கோவை செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. நெல்லு காயுற ரோட்டுல வேண்டாம்.

திருவாரூர்_டர்போ
அண்ணே, என் வண்டி மரையையும் அளந்துட்டு வரேன்.