ஆசிரியர் நடத்தை விதிகளைத் திருத்துகிறோம், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கான நடத்தை விதிகளைத் திருத்தி எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது இருப்பது தட்டச்சில் அடித்த இரண்டு பக்கம், நகலுக்கு நகல் எடுத்ததால் பாதி எழுத்து தெரியவில்லை. உடை, நேரம், பணிவு என்று போகிறது, செல்போன் என்ற வார்த்தையே கிடையாது.

சட்டத்தில் தெளிவாக இருப்பதைச் சேர்த்துவிட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது, 28ஆம் பிரிவு தனி டியூஷன் கூடாது என்கிறது (இதைப் படித்ததும் ஸ்டாஃப் ரூமில் ஒரே அமைதி), அப்புறம் 2012 போக்சோ சட்டப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், ஹெச்.எம். பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது.

சட்டம் சொல்லாத இடங்களில்தான் திணறுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் கணக்கில் சந்தேகம் என்று வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கிறான். பதில் போடலாமா, இல்லை பெற்றோரும் இருக்கும் குரூப்பில்தான் போட வேண்டுமா? ஆசிரியர் தினத்துக்குப் பேனா சரி, வெள்ளி விளக்கு? ஆண்டு விழாவில் ஆடிய பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கலாமா? மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆசிரியரின் சாதிப் பேச்சை எந்த வார்த்தையில் எழுதுவது?

உங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் விதி இருந்தால் அந்தப் பத்தியை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பள்ளிப் பெயரை மறைத்துவிட்டு. வெள்ளிக்கிழமை மீட்டிங்.