மறு: துருவேறிக் கழலாத போல்ட்டுக்கு 'இறுகல்' சரியா? 'துருக்கவ்வல்' எனலாமா?

எல்லோருக்கும் வணக்கமுங்க. நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில், துருவேறிக் கழலாமல் போன போல்ட்டின் நிலைக்கு என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> கழற்ற முடியாத அளவுக்கு இறுகிவிட்ட பாகம், அவ்வளவுதானே பொருள். 'இறுகல்' போதாதா?

போதாதுங்க ஐயா. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பெருந்துறையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் காருக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன், அதில் ஒரு நாள் முழுக்க வீணானது 'இறுகியிருக்கிறது' என்று நான் நினைத்துக்கொண்டதால்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வண்டிக்குப் பதினாலு வயசு. பெரும்பாலும் தூத்துக்குடியில் ஓடிய வண்டியை வாங்கி வந்தோம். நம் பக்கத்து வறண்ட காற்றில் இவ்வளவு துரு ஏறாது, இது உப்புக் காற்றில் ஊறியது. முன்சக்கரத்து லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து தாங்குகிற கை) வண்டியோடு சேரும் இடத்து ரப்பர் புஷ் நைந்துபோய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று அடித்தது. புது புஷ் வாங்கி வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள்), நட்டைக் கழற்றினேன். நட் சுலபமாக வந்துவிட்டது. போல்ட் வரவில்லை.

போல்ட் தலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் கால் சுற்று திரும்புகிறது. கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. மறுபடி திருப்பினேன், மறுபடி வந்து நின்றது. இரும்பு எப்படி ரப்பர் மாதிரி திரும்பி வரும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. புஷ்ஷுக்கு நடுவில் ஓர் இரும்புக் குழாய் உண்டு, அதற்குள்தான் போல்ட் நுழைகிறது. அந்தக் குழாயும் போல்ட்டும் ஒன்றாகிவிட்டதால், நான் முறுக்கியதெல்லாம் சுற்றியிருந்த ரப்பரைத்தான். இறுகியது என்றால் நெம்புகோலை நீட்டுவதுதானே வழக்கம்? ஸ்பேனரில் நாலடி பைப்பை மாட்டி இழுத்தேன், ரப்பர் முழுசாகக் கிழிந்தது, அப்புறம் போல்ட் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. ஆனால் வெளியே வரவில்லை.

தடையே இல்லாமல் சுற்றுகிற ஒன்றை 'இறுகியது' என்று எப்படிச் சொல்ல முடியும்? என் வாதம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

சுத்தியால் அடித்து, போல்ட் முனை காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். அடுத்த ஞாயிறு சங்ககிரியிலிருந்து மாமாவை வரவழைத்தேன். லாரிப் பட்டறையில் முப்பது வருசமாக வேலை செய்கிறவர். குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "இறுகலீங் மாப்ள, துரு கவ்விருச்சு. அடிச்சா வராது, அறுக்கோணும்" என்றார். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஆக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம்.

அந்தத் துண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அறுத்த முகத்தை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தால் நடுவில் போல்ட், சுற்றிலும் குழாய். இரண்டுக்கும் இடையில் தெரியவேண்டிய இடைவெளி இல்லை, அந்த இடத்தில் செம்பழுப்பாக மெல்லிய வளையம் ஒன்று. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மயிரிழை சந்துக்குள் அது எங்கே போகும்? உள்ளே போல்ட்டையும் வெளியே குழாயையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. யாரும் முடுக்கவில்லை, அதுவாகவே கவ்விக்கொண்டது. மாமா சொன்ன வினையில் இவ்வளவும் அடங்கிவிட்டதால்தான் 'துருக்கவ்வல்' என்று முன்மொழிகிறேன். வாக்கியத்தில் 'துரு கவ்வியது', 'துரு கவ்விய போல்ட்' என்று ஒற்று மிகாமல் வரும், பெயராகும்போது மட்டும் 'துருக்கவ்வல்'.

> 'உறைதல்' என்று வைக்கலாமே?

அது 'frozen' என்ற ஆங்கில வழக்கின் நேர் பெயர்ப்புங்க. நமக்குப் பால் உறையும், ரத்தம் உறையும். போல்ட் உறைந்தது என்று எந்தப் பட்டறையிலும் சொல்லிக் கேட்டதில்லை. 'துருப்பூட்டு' என்று நம் குழுவின் சேலத்து அக்கா சொன்னது கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் மாட்டைப் பூட்டுவது, ஏர் பூட்டுவது மாதிரி போல்ட்டையும் 'பூட்டு' என்றுதான் சொல்வோம், வேண்டுமென்றே மாட்டுவது என்ற பொருளில். வேலை கற்கிற பையன் குழம்பிப்போவான்.

'கவ்வி' என்று ஏற்கெனவே ஒரு கருவிக்குப் பெயர் உண்டே என்ற கேள்வியும் வந்தது. முன்னால் காரணத்தைச் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது, இனமும் பிரிக்கலாம். எண்ணெய் வற்றிச் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்வது வெப்பக்கவ்வல். பால் ஜாயிண்ட்டின் (சக்கரப் பக்கத்துக் குண்டு மூட்டு) கூம்புத் தண்டு அதன் துளையில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்வது கூம்புக்கவ்வல், இதற்குத் துருவே தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கூம்புக்கவ்வலுக்கு, நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு சுற்று விட்டுவைத்து, தண்டு உட்கார்ந்த கண்ணின் (துளையைச் சுற்றிய இரும்பின்) பக்கவாட்டில் சுத்தியால் நச்சென்று அடித்தால் விட்டுவிடும், தண்டின்மேல் அடித்தால் மரைதான் போகும். துருக்கவ்வலுக்குச் சூடு காட்டுவார்கள். 12 மில்லிமீட்டர் துளை 200 டிகிரி கூடுதல் சூட்டில் விரிவது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர்தான், துருவின் பிடி விரிசல் விட அதுவே பல நேரம் போதும். ஆனால் புஷ் இருக்கிற இடத்தில் ரப்பர் எரிந்து நாறும், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

முந்தின நாளே தெளித்து ஊறவிடுகிற எண்ணெய்க்கு 'ஊடுருவு எண்ணெய்' என்று பட்டியலில் இருக்கிறது. தப்பில்லை, ஆனால் பட்டறையில் 'கொஞ்சம் இளகுச்சா பாரு' என்றுதான் கேட்பார்கள். 'இளக்கெண்ணெய்' என்றால் சொன்னவுடனே வேலை புரியும்.

கடைசியாக ஒன்றுக்கு உங்கள் கருத்து வேண்டும். புது போல்ட் போடும்போது, திரும்பவும் கவ்வாமல் இருக்க ஒரு செம்பு நிறப் பசையைப் பூசினோம். மரையில் படாமல், குழாய்க்குள் இருக்கிற வழவழப்பான உடம்பில் மட்டும். மரையில் பட்டால் உராய்வு குறைந்து, அதே முடுக்குக்கு போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டுவிடும். இந்தப் பசைக்குப் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டதை எங்கள் அப்பாரு 'மசை' என்பார். வாடாமல்லி மாதிரி 'கவ்வாமசை' என்று வைத்தால் உங்கள் ஊர்க் காதுக்குப் புரியுமா, இல்லை மசகு என்றே இருக்கட்டுமா?