மீன் மார்க்கெட் பக்கத்து மைதானம்

(தண்டையார்பேட்டை, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு)

யாமினி: மகளிர் தின மேடையில் லேமா போவீ பற்றிப் பேசப் போகிறேன். லைபீரியா நாட்டுக்காரர். 2011இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர்.

செல்வி அக்கா: ஆப்பிரிக்காவா? கல்பனா சாவ்லா என்றால் எல்லாரும் கைதட்டுவார்களே கண்ணு.

யாமினி: இவர் ஆட்களோடு உட்கார்ந்தது மீன் மார்க்கெட் பக்கத்தில் அக்கா.

செல்வி அக்கா: சொல்லு.

யாமினி: 2003. உள்நாட்டுப் போர், சின்னப் பையன்கள் கையில் துப்பாக்கி. சர்ச்சுப் பெண்களும் மசூதிப் பெண்களும் ஒன்றாக, வெள்ளை டி-சர்ட், தலையில் வெள்ளைத் துணி, நகை கிடையாது. தலைநகர் மன்ரோவியாவில் மீன் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் போரை நிறுத்தச் சொல்லி வெயில் மழை பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

ஃபாத்திமா: கோட்டை வாசலை விட்டுவிட்டு அங்கே ஏன்?

யாமினி: அதிபர் சார்லஸ் டெய்லர் கார் தினமும் போகிற வழி அது.

ராணி ஆயா (பேத்தி டைப் செய்கிறேன்): "அவ விவரமானவ" என்கிறது ஆயா.

டில்லி அண்ணா: புருஷனோடு பேச மாட்டோம் என்று ஸ்டிரைக் செய்தது இவர்கள்தானே?

யாமினி: பேசாமல் இருக்கிற ஸ்டிரைக் இல்லை அண்ணா.

செல்வி அக்கா: 😂😂 குழுவில் பசங்க இருக்காங்க.

யாமினி: அதனால் போர் நிற்கவில்லை, பத்திரிகைக்காரர்கள்தான் ஓடி வந்தார்கள் என்று போவீயே சொல்லியிருக்கிறார். 😄

ஃபாத்திமா: டெய்லர் இறங்கி வந்தானா?

யாமினி: ஏப்ரலில் கூப்பிட்டுப் பேசினார். ஜூனில் கானா நாட்டில் அரசுக்கும் கிளர்ச்சிப் படைகளுக்கும் பேச்சுவார்த்தை. தலைவர்கள் ஓட்டலில் தங்கிக்கொண்டு வாரக்கணக்கில் இழுத்தார்கள், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் பெண்கள் மண்டபத்து வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். பேசி முடிக்காமல் யாரும் வெளியே வரக் கூடாது! கைது செய்ய ஆள் வந்ததும் போவீ தன் துணியை அவிழ்க்க ஆரம்பித்தார். அங்கே ஒரு தாய் அப்படிச் செய்தால் பார்ப்பவனுக்குச் சாபம். ஆடிப்போய்விட்டார்கள்.

ராணி ஆயா: ஆயா இப்போது சொன்னதை டைப் செய்ய முடியாது.

செல்வி அக்கா: அப்புறம்?

யாமினி: ஆகஸ்ட் 11இல் டெய்லர் பதவி விலகினார். 18இல் அமைதி ஒப்பந்தம். 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் என்ற பெண் ஜெயித்து அதிபரானார்.

டில்லி அண்ணா: உட்கார்ந்ததால் மட்டுமா போனான்? கிளர்ச்சிப் படை தலைநகருக்குள் வந்துவிட்டதே.

யாமினி: உண்மைதான். போர்க்குற்ற வழக்கும் இருந்தது, அமெரிக்காவும் நெருக்கியது. ஆனால் இழுத்துக்கொண்டே கிடந்த பேச்சு சூடு பிடித்தது வாசலை அடைத்த பிறகுதான் அண்ணா.

செல்வி அக்கா: சரி, நாம் கடை போடுகிற இடத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. எத்தனை மனு! அது எந்த வழியில் உட்கார்ந்தால் திறக்கும்?

ஃபாத்திமா: ஐஸ் வண்டி வரும் வழியில்.

டில்லி அண்ணா: ஐஸ் வராவிட்டால் கெட்டுப்போவது உங்கள் வஞ்சிரம்தான்.

செல்வி அக்கா: அதுவும் சரி. சாவி வைத்திருக்கிற ஆபீஸ் வாசலில்?

ராணி ஆயா: "ஞாயிறு வேணாம், வியாபாரம் போகும். திங்கட்கிழமை, காசிமேட்டு ஏலம் முடிஞ்சு வந்து" என்கிறது ஆயா.

யாமினி: எல்லாரும் வெள்ளைப் புடவையா?

ஃபாத்திமா: மீன் கூடையோடு வெள்ளையா? 🤦🏽‍♀️

செல்வி அக்கா: வெள்ளை கட்டினால் என் மாமியார் அடிக்க வருவார். நைட்டி மேலே துண்டு போட்டு வந்தால் போதும்.