சனத்துக்குள்ள நடக்கேக்க போற திசை கண்ணுக்கு எப்பிடித் தெரியுது?

கேள்வி: நல்லூர்த் தேரண்டு வீதி நிறையச் சனம். நிலமும் மதிலும் மறைஞ்சிடும், தெரியிறதெல்லாம் அசையிற ஆக்கள்தான். அப்ப நேராப் போறமா, ஒரு பக்கம் சரியிறமா எண்டதைக் கண் எதை வைச்சுக் கணிக்குது?

பதில் 1: தம்பி, முன்னால நடக்கேக்க காட்சி முழுக்க ஒரு புள்ளியிலயிருந்து வெளிய விரியும். பார்வையைத் திருப்பாத வரைக்கும் அந்தப் புள்ளிதான் போற திசை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950இல விளக்கினது இது. ஆனா அது அசையாத உலகத்துக்கான கணக்கு. நீங்களும் எதிர்ல வாறவரும் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடந்தால், அவர் 2.4இல நெருங்குவார். பக்கத்தில அதே வேகத்தில வாறவர் கண்ணுக்கு அசையவே மாட்டார். கூட்டம் முழுக்கக் குறுக்க போனால் விரிவுப் புள்ளியே இடம்மாறின மாதிரித் தோன்றும். பிழை பெரும்பாலும் இங்கதான் வருது.

பதில் 2: கைகால் வீச்சையும் சேருங்கோ. மூட்டுகளில ஒளிப்புள்ளி மட்டும் இருந்தாலே நடை விளங்கும் எண்டு சுவீடன் உளவியலாளர் யொஹான்சன் 1973இல காட்டினவர். ஆனா அதே வீச்சு விரிவுக் கோலத்தைக் குழப்பும்.

கேள்வி கேட்டவர்: அசைவையும் சமநிலையையும் உணர்ற உள்காது உதவாதா அண்ணை?

பதில் 1: அது வேகம் மாறினால்தான் சொல்லும், ஒரே சீரான நடையில கால் உணர்வுதான் துணை. சனத்துக்கு மேலால தெரியிற விளக்குக் கம்பத்தைத் தூரக் கோபுரத்தோட ஒரே கோட்டில பிடியுங்கோ. கம்பம் கோபுரத்துக்கு வலப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் இடப்பக்கம் விலகுறியள். கோபுரத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.